புரோகிராம் விண்டோ கேட்ட அளவில் திறக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்து ஆளைப் பிடியுங்கள்

நோட்பேடு போன தடவை விட்ட அளவிலேயே திறக்கும். அதே கம்ப்யூட்டரில் இருக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் தீப்பெட்டி மாதிரி ஒரு மூலையில் போய் உட்காரும். உடனே விண்டோஸ் செட்டிங்ஸைத் திறந்து, எல்லாவற்றையும் சரிசெய்யும் ஒரு ஸ்விட்ச் எங்கே என்று தேடுவோம். அப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது. விண்டோவின் அளவை நினைவில் வைத்திருப்பது விண்டோஸின் வேலை அல்ல, அந்தந்த புரோகிராமின் வேலை. மூடும்போது அளவை எங்காவது எழுதி வைக்க வேண்டும், அடுத்த முறை திறக்கும்போது அதைப் படித்து அப்படியே விரிய வேண்டும். எழுதி வைக்காத புரோகிராமுக்கு விண்டோஸ் தன் கணக்கில் ஏதோ ஒரு அளவைக் கொடுத்து அனுப்பிவிடும்.

ஆனால் புரோகிராமே முழுப் பொறுப்பு என்றும் சொல்லிவிட முடியாது. அதைத் திறந்துவிடும் ஷார்ட்கட் "பெரிதாகத் திற" என்று சொல்லி அனுப்பலாம். திறக்கிற ஃபைலே தன் அளவைக் கையோடு கொண்டுவரலாம். இவை போக, மானிட்டர் மாறியது, திரை ஓரத்தில் ஒட்டியது, எழுத்தின் அளவைக் கூட்டியது என்று விண்டோஸும் நடுவில் புகுந்து அளவை மாற்றும். எந்த ஆள் மாற்றுகிறான் என்பது அறிகுறியிலேயே தெரியும். கீழே இருப்பவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்; ஒன்றுக்கு மட்டும் உரியதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனை. அந்த புரோகிராமின் எல்லா விண்டோக்களையும் மூடுங்கள். ஒன்றே ஒன்றைத் திறங்கள். முழுத் திரையில் இருந்தால் மேல் வலது மூலையில் நடுப் பட்டனை அழுத்திச் சின்னதாக்குங்கள். அப்புறம் ஓரங்களை மவுஸால் பிடித்து இழுத்து வேண்டிய அளவுக்குக் கொண்டுவாருங்கள். எக்ஸ் பட்டனை அழுத்தி மூடிவிட்டு மறுபடி திறங்கள். பாதிப் புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும். ஏனென்றால் மூன்று நான்கு விண்டோ ஒரே நேரத்தில் திறந்திருந்தால், பெரும்பாலான புரோகிராம்களில் கடைசியாக மூடியது எதுவோ அதன் அளவுதான் நிற்கும். நீங்கள் ஆசையாக அளவு வைத்த விண்டோவை முதலில் மூடிவிட்டு, குட்டியாகக் கிடந்ததைக் கடைசியில் மூடியிருப்பீர்கள்.

கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே எக்ஸைத் தட்ட வேண்டும் என்று ஒரு வைத்தியம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்துப் பேச்சு அது. இன்று குரோமுக்கோ ஃபயர்ஃபாக்ஸுக்கோ நோட்பேடுக்கோ அது தேவையில்லை.

எத்தனை முறை சரிசெய்தாலும் பழைய அளவிலேயே திறக்கிறது

சோதனையில் தோற்ற புரோகிராம் என்றால் முதல் சந்தேகம்: அது உண்மையிலேயே மூடுகிறதா? அரட்டை, மீட்டிங், மியூசிக் புரோகிராம்கள் பல, எக்ஸை அழுத்தினால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஐகானாக ஒளிந்துகொள்ளும். வெளியேறும்போது மட்டும் அளவை எழுதும் புரோகிராமாக இருந்தால் எழுதும் நேரமே வராது. அந்த ஐகானில் ரைட் கிளிக் செய்து எக்ஸிட் அல்லது குவிட் கொடுங்கள். டாஸ்க் மேனேஜரில் எண்டு டாஸ்க் கொடுத்து மூடுவதும், மின்சாரம் போய் அணைவதும் இதே கதைதான்.

அடுத்த சந்தேகம், எழுத இடம் இருக்கிறதா என்பது. பழைய புரோகிராம்கள் தங்கள் செட்டிங்ஸைத் தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு ஐஎன்ஐ ஃபைலில் எழுதிக்கொள்ளும். அந்த ஃபோல்டர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்தால், சாதாரண யூசராக ஓடும் புரோகிராமுக்கு அங்கே எழுத அனுமதி கிடையாது. பென் டிரைவில் வந்த, இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் போர்ட்டபிள் சாஃப்ட்வேரைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அங்கே காப்பி செய்து வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஃபோல்டரைத் தூக்கி டி டிரைவிலோ டாக்குமெண்ட்ஸிலோ வைத்தால் சரியாகிவிடும்.

இதிலேயே இன்னொரு விசித்திரம் உண்டு. சாதாரணமாகத் திறந்தால் ஓர் அளவு, ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால் வேறோர் அளவு. பேய் பிடித்ததாக நினைக்க வேண்டாம். பழைய 32 பிட் புரோகிராம் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயலும்போது, விண்டோஸ் அதைத் தடுக்காமல் சத்தமில்லாமல் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். அந்த இடம், புரோகிராம்கள் உங்களுக்கென்று தகவல் வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரின் லோக்கல் பகுதிக்குள் இருக்கும் வர்ச்சுவல்ஸ்டோர். அட்மினாக ஓட்டும்போது திருப்பிவிடுவது நடக்காது, நேராக அசல் ஃபைலையே படிக்கும். ஆக ஒரே புரோகிராமுக்கு இரண்டு ஐஎன்ஐ ஃபைல், இரண்டு நினைவு. எப்போதும் ஒரே விதமாக ஓட்டுங்கள், போதும்.

சில புரோகிராம்கள் நினைவு வைக்காதது குறை அல்ல, அவற்றின் வழியே அது. கட்டளைகளைத் தட்டும் விண்டோஸ் டெர்மினலை எவ்வளவு இழுத்துப் பெரிதாக்கி மூடினாலும், திறக்கும்போது செட்டிங்ஸில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கும். ஆரம்பத்தில் அது அகலத்துக்கு 120 எழுத்து, உயரத்துக்கு 30 வரி. செட்டிங்ஸில் ஸ்டார்ட்அப் பக்கத்தில் அந்த இரண்டு எண்களையும் மாற்றுங்கள், அல்லது மேக்ஸிமைஸ்டு என்று தேர்ந்தெடுங்கள். புரோகிராம் எழுதுபவர்கள் பயன்படுத்தும் விஎஸ் கோடில் புது விண்டோக்களின் அளவுக்கென்றே ஒரு செட்டிங் உண்டு. செட்டிங்ஸ் தேடலில் நியூ விண்டோ டைமென்ஷன்ஸ் என்று அடித்தால் வரும். அதில் இன்ஹெரிட் என்று வைத்தால் முந்தைய விண்டோவின் அளவை எடுத்துக்கொள்ளும்.

ஃபயர்ஃபாக்ஸ் தன் அளவை புரொஃபைல் ஃபோல்டரில் எக்ஸ்யுஎல்ஸ்டோர் என்ற ஜேசான் ஃபைலில் எழுதுகிறது. அந்த ஃபைல் கெட்டுப்போனால் நினைவும் போய்விடும். ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் தகவல் பக்கத்தைத் திறந்தால் புரொஃபைல் ஃபோல்டருக்குப் போக பட்டன் இருக்கும். ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபயர்ஃபாக்ஸை முழுதாக மூடுங்கள், பிறகு அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் வேறு பெயர் வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்றை அதுவே உருவாக்கிக்கொள்ளும். புக்மார்க், பாஸ்வேர்டு எதற்கும் ஆபத்தில்லை. இதற்குப் பிறகும் மறக்கிறது, அகலம் 1000, 1200, 1400 என்று 200-இன் மடங்கிலேயே வந்து நிற்கிறது என்றால், யாரோ ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்ட்டிங் என்ற தனியுரிமை செட்டிங்கை ஆன் செய்திருக்கிறார்கள். திரை அளவை வைத்து உங்களை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று, எல்லோருக்கும் ஒரே மாதிரி முழு எண்களில் விண்டோவைத் திறப்பதுதான் அதன் நோக்கம். அடையாளத்தை மறைப்பதற்கென்றே இருக்கும் டோர் பிரவுசரும் அப்படியே. தனியுரிமை வேண்டுமா, அளவு வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

பாதித் திரைக்கு ஒட்டி மூடினேன், திறந்தால் வேறு அளவு

விண்டோஸ் கீயுடன் இடது அம்பைத் தட்டி விண்டோவைப் பாதித் திரைக்கு ஒட்டுகிறீர்கள். நாள் முழுக்க அப்படியே வேலை பார்த்து மூடுகிறீர்கள். மறுநாள் திறந்தால் எப்போதோ வைத்திருந்த குட்டி அளவு. சோதனையில் தேறிய புரோகிராம்கூட இங்கே ஏமாற்றும்.

காரணம் இது. ஒவ்வொரு விண்டோவுக்கும் அதன் சாதாரண அளவு என்று ஒன்றை விண்டோஸ் தனியாகக் குறித்து வைத்திருக்கும். மேக்ஸிமைஸ் செய்ததைத் திரும்பச் சின்னதாக்கினால் பழைய அளவுக்கு வருகிறதே, அது இந்தக் குறிப்பிலிருந்துதான். ஓரத்தில் ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியும் அளவுதான் மாறும், இந்தக் குறிப்பு மாறாது. ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம்கள் மூடும்போது விண்டோஸிடம் கேட்டு வாங்கி எழுதுவது இந்தக் குறிப்பைத்தான். ஆகவே அதற்கு ஒட்டுவதற்கு முந்தைய அளவுதான் தெரியும்.

பாதித் திரை அளவு நிலையாக வேண்டும் என்றால் ஒட்டாதீர்கள். சாதாரண விண்டோவாக வைத்துக்கொண்டு ஓரங்களைக் கையால் இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்து மூடுங்கள். இழுக்கும்போது மவுஸ் திரையின் மேல் விளிம்பைத் தொட்டால் விண்டோஸ் தானாக மேலிருந்து கீழ்வரை நீட்டிவிடும். அதுவும் ஒட்டிய கணக்கில்தான் சேரும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் மல்டிடாஸ்கிங், அங்கே ஒட்டும் வசதியான ஸ்னாப் விண்டோஸை ஆஃப் செய்துவிட்டு அளவு வையுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி ஆன் செய்துகொள்ளலாம்.

ஷார்ட்கட்டில் மேக்ஸிமைஸ்டு என்று போட்டும் கேட்கவில்லை

ஷார்ட்கட்டில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ரன் என்ற இடத்தில் மேக்ஸிமைஸ்டு. எல்லோரும் சொல்லும் வழி, நல்ல வழியும்கூட. ஆனால் அது வெறும் சிபாரிசுக் கடிதம். புரோகிராம் படித்துப் பார்த்து நடந்துகொள்ளலாம், படிக்காமலும் விட்டுவிடலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வந்த ஆப்களுக்கு அந்த ரன் வசதியே இருக்காது.

புரோகிராம் மதிக்கிறது, ஆனாலும் சில நேரம் மட்டும் வேலை செய்கிறது என்றால் நீங்கள் எதை அழுத்தித் திறக்கிறீர்கள் என்று பாருங்கள். டெஸ்க்டாப்பில் இருப்பது ஒரு ஷார்ட்கட், டாஸ்க்பாரில் பின் செய்தது அதன் தனிப் பிரதி, ஸ்டார்ட் மெனுவில் இருப்பது மூன்றாவது. ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. டாஸ்க்பார் ஐகானில் ரைட் கிளிக் செய்து, வரும் பட்டியலில் புரோகிராமின் பெயர் மேல் இன்னொரு ரைட் கிளிக் செய்தால் அதற்கான பிராப்பர்ட்டீஸ் கிடைக்கும். ஃபைலை டபுள் கிளிக் செய்து திறப்பவர்களுக்கு இந்த மூன்றில் எதுவும் பயன்படாது. அங்கே ஷார்ட்கட் நடுவில் வருவதே இல்லை.

குரோமுக்கு ஷார்ட்கட்டின் டார்கெட் கட்டத்தில், கடைசி மேற்கோள் குறிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடு, ஸ்டார்ட், ஒரு சிறு கோடு, மேக்ஸிமைஸ்டு என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டலாம். குரோம் ஏற்கெனவே பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் இதற்குப் பலன் இருக்காது, ஓடிக்கொண்டிருக்கும் பழைய குரோமே புது விண்டோவையும் திறந்துவிடும். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், மூடிய பிறகும் பின்னணி ஆப்களை ஓடவிடும் வசதியை ஆஃப் செய்தால் இந்தச் சிக்கல் குறையும்.

ஒரே ஒரு எக்ஸெல் ஃபைல் மட்டும் கோணல் மாணலாகத் திறக்கிறது

மற்ற ஷீட் எல்லாம் ஒழுங்காகத் திறக்கும். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து மெயிலில் வந்த ஒன்று மட்டும் திரையில் கால்வாசிக்கு, அதுவும் ஓரமாக. எக்ஸெலை ரிப்பேர் செய்தும், அழித்து மறுபடி நிறுவியும் பலன் இராது. கோளாறு எக்ஸெலில் இல்லை, ஃபைலுக்குள் இருக்கிறது.

எக்ஸெல் தன் விண்டோ அளவை ஒவ்வொரு ஒர்க்புக்கின் உள்ளேயும் சேமிக்கிறது. நேரில் பார்க்க ஆசையா? ஃபைலை ஒரு காப்பி எடுத்து, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்ற கடைசி எழுத்துகளை ஜிப் என்று மாற்றித் திறங்கள். எக்ஸ்எல் என்ற ஃபோல்டரில் ஒர்க்புக் என்ற எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். அதை நோட்பேடில் திறந்து தேடினால் ஒர்க்புக் வியூ என்ற இடத்தில் இடது, மேல், அகலம், உயரம் என்று நான்கு எண்கள் கிடைக்கும். அகலம் 28800 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது பிக்சல் அல்ல. எழுத்தின் அளவைச் சொல்லும் பாயிண்ட் ஒன்றை 20-ஆகப் பிரித்த அளவு அது. 100 சதவீத ஸ்கேலிங்கில், அதாவது திரையில் எழுத்தையும் படத்தையும் பெரிதாக்காமல் வைத்திருந்தால், ஒரு பிக்சலுக்கு 15 வரும். 28800-ஐ 15-ஆல் வகுத்தால் 1920, ஒரு ஃபுல் எச்டி மானிட்டரின் முழு அகலம். அனுப்பியவரின் திரை எப்படி இருந்தது என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

சரிசெய்ய இந்த எண்களைத் தொட வேண்டாம். ஃபைலைத் திறந்து, விண்டோவை உங்களுக்குப் பிடித்த அளவுக்கு மாற்றி, ஏதாவது ஒரு செல்லில் சின்ன மாற்றம் செய்து சேவ் செய்யுங்கள். இனி அந்த அளவு ஃபைலோடு போகும். ரீட் ஒன்லியாகத் திறந்தால் இது நடக்காது. மஞ்சள் பட்டையில் எனேபிள் எடிட்டிங் கொடுத்த பிறகு செய்யுங்கள். இரண்டு பேர் மாறி மாறி வேலை பார்க்கும் ஃபைல் என்றால் கடைசியாகச் சேவ் செய்தவர் அளவுதான் மற்றவருக்கும். அதற்கு மருந்து இல்லை. திறந்தவுடன் விண்டோஸ் கீயுடன் மேல் அம்பைத் தட்டப் பழகிக்கொள்வதே மேல்.

திறக்கத் திறக்க நகர்ந்துகொண்டே போகிறது, அல்லது வளர்கிறது

நகர்வது மட்டும் என்றால் நோய் அல்ல. ஒன்றின் மேல் ஒன்று அப்படியே விழுந்தால் அடியில் இருப்பது தெரியாது என்று, புது விண்டோவைக் கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் கீழே தள்ளித் திறப்பது வழக்கம்.

ஒவ்வொரு முறையும் சில பிக்சல் வளர்வது அல்லது சுருங்குவது வேறு விஷயம். தலைப்புப் பட்டை, ஓரம் எல்லாம் சேர்த்து அளந்து எழுதிவிட்டு, திறக்கும்போது அதை உள்பக்க அளவாக எடுத்துக்கொள்ளும் புரோகிராம் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டை உயரம் கூடும். அதைச் செய்தவர்தான் திருத்த வேண்டும். திரை ஸ்கேலிங் 125 அல்லது 150 சதவீதம் வைத்திருக்கும் லேப்டாப்பில் மட்டும் இப்படி நடக்கிறது என்றால் நீங்களே பார்க்கலாம். புரோகிராமின் ஈஎக்ஸ்ஈ ஃபைலில் பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். அங்கே கீழே இருக்கும் ஓவர்ரைடு கட்டத்தை டிக் செய்து, முதலில் சிஸ்டம், சரிவரவில்லை என்றால் அப்ளிகேஷன் என்று மாற்றிப் பாருங்கள். சிஸ்டம் வைத்தால் எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம்.

டாஸ்க்பாரில் இருக்கிறது, திரையில் இல்லை

இரண்டாவது மானிட்டரில் மூடிய புரோகிராம், அந்த மானிட்டர் இல்லாத நாளிலும் அதே இடத்தில் திறக்கும். இல்லாத திரையில் திறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

டாஸ்க்பார் ஐகானை ஒருமுறை கிளிக் செய்து அதை முன்னே கொண்டுவாருங்கள். ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி, எம் எழுத்தைத் தட்டி, ஏதாவது ஓர் அம்புக் கீயை ஒரே ஒரு முறை தட்டுங்கள். இப்போது மவுஸை அசைத்தால் விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கிளிக் செய்து விடுங்கள். பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாஃப்ட் கருவித் தொகுப்பை வைத்திருப்பவர்களுக்கு ஆல்ட், ஸ்பேஸ் அடித்தால் தேடல் பெட்டி வரலாம். அப்போது ஷிப்டை அழுத்திக்கொண்டு டாஸ்க்பார் ஐகானில் ரைட் கிளிக் செய்யுங்கள், மூவ் அங்கேயும் இருக்கும். மூவ் மங்கலாக இருந்தால் விண்டோ மேக்ஸிமைஸ் ஆகியிருக்கிறது அல்லது மினிமைஸ் ஆகியிருக்கிறது என்று பொருள். முதலில் ரெஸ்டோர் கொடுங்கள்.

திரும்பத் திரும்ப இதே நடந்தால் அந்த புரோகிராமின் ஐஎன்ஐ ஃபைலைத் திறந்து பாருங்கள். இடது, மேல் இரண்டும் மைனஸ் 32000 என்று இருந்தால் கதை புரிந்துவிடும். மினிமைஸ் ஆன விண்டோவை விண்டோஸ் நிறுத்தி வைக்கும் இடம் அது. மினிமைஸ் ஆன நிலையிலேயே மூடியபோது புரோகிராம் அந்த இடத்தை அப்பாவியாக எழுதிவிட்டது. புரோகிராமை மூடிவிட்டு இரண்டையும் 50 என்று மாற்றிச் சேவ் செய்யுங்கள்.

லேப்டாப்பில் மானிட்டரைச் சொருகி எடுத்தால் எல்லாம் கலைகிறது

இது விண்டோஸ் 11-இல் நிறையத் தேறியிருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோக்களின் இடத்தை நினைவில் வைக்கும் கட்டம் ஒன்று, மானிட்டர் பிரிந்தால் அதிலிருந்த விண்டோக்களை மினிமைஸ் செய்யும் கட்டம் ஒன்று. இரண்டையும் டிக் செய்யுங்கள். திறந்திருக்கும் விண்டோக்களுக்குத்தான் இது பொருந்தும், மூடித் திறப்பவற்றுக்கு அல்ல.

எல்லா புரோகிராமும் முழுத் திரையில் திறக்கிறது

விண்டோஸ் 10 என்றால் டேப்லெட் மோடு ஆன் ஆகியிருக்கும். விண்டோஸ் கீயுடன் ஏ தட்டி, வரும் பட்டியலில் அணைத்துவிடுங்கள்.

பேங்க் சைட் திறக்கும் குட்டி விண்டோ

பாப்-அப்பின் அகலமும் உயரமும் அந்த வெப்சைட் எழுதி அனுப்புவது. பிரவுசர் செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை. ஒவ்வொரு முறையும் இழுத்துப் பெரிதாக்குவதுதான் வழி.

எதற்கும் மசியவில்லை

நினைவே இல்லாத புரோகிராமுக்கு வெளியிலிருந்துதான் நினைவு கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் ஃபேன்ஸிஸோன்ஸ் என்ற பகுதி இருக்கிறது. திரையை உங்களுக்கு வேண்டிய கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஷிப்டை அழுத்தியபடி விண்டோவை இழுத்து ஒரு கட்டத்தில் விடுங்கள். செட்டிங்ஸில், புதிதாகத் திறக்கும் விண்டோக்களைக் கடைசியாக இருந்த ஸோனுக்கு நகர்த்தும் வசதியை ஆன் செய்யுங்கள். அடுத்த முறை அந்த புரோகிராம் எந்த அளவில் திறந்தாலும் இது பிடித்து அந்தக் கட்டத்தில் உட்கார வைத்துவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே யாராவது இதை நிறுவியிருந்து, உங்கள் விண்டோ தானாக எங்கோ போய் ஒட்டிக்கொள்கிறது என்றால், தேடிக்கொண்டிருந்த ஆள் இதுவேதான்.

அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் புரோகிராமை மட்டும் ஃபேன்ஸிஸோன்ஸால் சாதாரணமாகத் தொட முடியாது. பவர்டாய்ஸின் ஜெனரல் பக்கத்தில், அதையும் அட்மினிஸ்ட்ரேட்டராக மறுபடி துவக்கும் பட்டன் இருக்கிறது. அதை அழுத்திய பிறகு இழுத்துப் பாருங்கள்.